குதிரையின் கணக்கில் ஒரு வாரம்: மங்கோலியாவின் வடக்கு மலைகளில் குதிரைப் பயணம் போக முழுமையான வழிகாட்டி

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற சுதைக் குதிரைதான். மூக்கு விடைத்து, முன்னங்கால் தூக்கி, ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும். அதைப் பார்த்தே வளர்ந்ததால், மங்கோலியாவில் முதன்முதலாக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய குதிரையைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் மார்பு உயரம். பெரிய தலை, குட்டைக் கால், சீப்பையே பார்க்காத பிடரி மயிர். அந்தக் குதிரைதான் அடுத்த ஆறு நாட்கள் என்னைச் சுமந்துகொண்டு ஆறு கடந்தது, சேற்றில் இறங்கியது, காட்டுக்குள் ஏறியது. நான் செய்த அத்தனை தப்பையும் பொறுத்துக்கொண்டது.

நாங்கள் மூன்று பேர் போனோம். நானும் என் மச்சானும் கடலூர், நண்பர் ஒருவர் முத்தியால்பேட்டை. மூவரில் யாருக்கும் மெரினாவில் ஐந்து நிமிடம் சுற்றியதைத் தவிரக் குதிரைப் பழக்கம் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முடிவாக இருந்தாலும் குதிரையின் பக்கம் நின்று எடுங்கள். எந்த மாதம் போவது, மூட்டை எவ்வளவு கனம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே கூடாரம் அடிப்பது என்று எல்லாமே புல்லையும் தண்ணீரையும் குதிரையின் முதுகையும் பொறுத்தது.

எங்கே போகிறோம்

மங்கோலியா தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு பெரிய நாடு. மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம். அதன் வடகோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டி, ஹோவ்ஸ்கோல் என்ற ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,645 மீட்டர் உயரம், 136 கிலோமீட்டர் நீளம், ஆழம் 262 மீட்டர் வரை. நாட்டின் நன்னீரில் பெரும்பங்கு இந்த ஒரே ஏரியில்தான். உள்ளூர்க்காரர்கள் இதை ஏரி என்பதைவிட 'தாய்க் கடல்' என்றே மரியாதையாகச் சொல்கிறார்கள். கடலூர்க்காரனுக்கு அது உடனே புரிந்துவிட்டது.

ஏரியின் மேற்குக் கரையில் லார்ச் என்ற ஊசியிலை மரக் காடு. அதற்குப் பின்னால் ஹோரிதோல் சாரிதாக் மலைத்தொடர். அதையும் தாண்டினால் தார்ஹாத் பள்ளத்தாக்கு. பழக்கமில்லாதவர்களுக்கு ஏரியின் தென்முனையில் உள்ள ஹத்கல் ஊரில் கிளம்பி, மேற்குக் கரையோடு வடக்கே போய், அதே வழியில் திரும்புவது போதும். ஐந்தாறு நாட்கள் ஆகும். கொஞ்சம் பழகியவர்கள் சுமார் 2,500 மீட்டர் உயரமுள்ள ஜிக்லெக் கணவாயைக் கடந்து ரென்சின்லும்பே ஊர் வரை போகலாம். கலைமான் வளர்க்கும் 'த்ஸாத்தான்' என்ற இன மக்களைப் பார்க்க அதற்கும் வடமேற்கே போக வேண்டும். அது எல்லைப் பகுதி, தனி அனுமதி தேவை. முதல் பயணத்திலேயே அதற்கு ஆசைப்படாதீர்கள். நாங்கள் ஆசைப்பட்டோம். வழிகாட்டி எங்கள் மூவரின் தொப்பையையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், பேச்சு அதோடு முடிந்தது.

எப்போது

நமக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்றால் ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதமும் இதற்கு ஆகவே ஆகாது. மங்கோலியக் குதிரைக்குக் கொட்டில் கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும் குளிர்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்று, பனியைக் குளம்பால் கிளறிக் காய்ந்த புல்லைத் தின்கிறது. வசந்தம் வரும்போது விலா எலும்பை எண்ணலாம். அந்தக் குதிரையின் மேல் ஏறி உட்காருவது பாவம். மே மாதத்தில் ஏரியிலும் பனிக்கட்டி கிடக்கும்.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் சரியான காலம். ஜூன் கடைசியில் புல்வெளி முழுக்கப் பூ. கூடவே கொசு, உண்ணி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் அந்த நாட்டின் மழையில் பெரும்பகுதி கோடையில்தான் பெய்கிறது. ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் திருவிழா. குதிரைப் பந்தயம் பார்க்க அருமையான நேரம், குதிரைக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம். செப்டம்பரில் லார்ச் காடு மஞ்சளாகும், இரவில் தண்ணீர் உறையும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் நடுப்பகுதி. குதிரை இரண்டு மாதம் நல்ல புல் தின்று தேறியிருக்கும். கொசுவும் குறைந்திருக்கும்.

ஆறு மாதம் முன்னால்: உடம்பு

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டாம் நாள் காலையில் கூடாரத்திலிருந்து தவழ்ந்துதான் வெளியே வருவீர்கள்.

முதலில் எடை. மங்கோலியக் குதிரை அதன் அளவுக்கு மிஞ்சிய பலம் உள்ளதுதான், ஆனாலும் உயரம் 120 முதல் 140 சென்டிமீட்டர்தான். ஆள் 90 கிலோவுக்கு மேல் என்றால் பல குதிரைக்காரர்கள் யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும். நான் 84 கிலோவில் தொடங்கி 76-க்கு வந்தேன். இரவுச் சாப்பாட்டில் பரோட்டாவை விட்டதும் தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலில் நடந்ததும்தான் அதற்குக் காரணம். ஈர மணலில் நடக்காமல் காய்ந்த மணலில் நடங்கள், கணுக்கால் உறுதிப்படும்.

அடுத்து தொடை, இடுப்பு, அடிமுதுகு. குதிரையில் உட்காருவது நாற்காலியில் உட்காருவது போல இல்லை. தொடையின் உட்பக்கத் தசை நாள் முழுக்க வேலை செய்யும். தினமும் காலையில் உட்கார்ந்து எழுவதை இருபது இருபதாக மூன்று முறை செய்யுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழக்கம் இருந்தால் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுங்கள். மேசைக்கு மாறிப்போனவர்களுக்கு இடுப்பு மூட்டு இறுகிப்போயிருக்கும், அது குதிரையில் நன்றாகத் தெரியும்.

மாதம் ஒரு முறை செஞ்சிக்குப் போனோம். புதுச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டர். ராஜகிரிக் கோட்டையின் உச்சி ஏறக்குறைய 800 அடி. ஏறி இறங்கினால் முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பொய் சொல்லாமல் காட்டிவிடும். டெல்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியதாக ஊர்க்கதை சொல்லும் தேசிங்கு ராஜா, 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்தவன், இங்கேதான் ஆண்டான். படி ஏறும்போது மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவனுக்குக் குதிரை இருந்துச்சு, நமக்கு என்ன தலையெழுத்து" என்றான்.

அப்புறம் உண்மையான குதிரை. ஆரோவில்லில் ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டாலும் பத்துப் பன்னிரண்டு வகுப்பாவது போய்விடுங்கள். ஓட்டப் பந்தயத்துக்கான வித்தையெல்லாம் வேண்டாம். இடப்பக்கமிருந்து ஏறுவது, இறங்குவது, நிறுத்துவது, திருப்புவது, பெருநடையில், அதாவது நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான வேகத்தில், அங்கவடியின் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) மேல் எழுந்து உட்காருவது, இவ்வளவு வந்தால் போதும். முதல் இரண்டு வகுப்பில் குதிரையைத் தேய்த்துவிடவும் குளம்பு சுத்தம் செய்யவும் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். குதிரையின் பக்கத்தில் பயமில்லாமல் நிற்கத் தெரிவதுதான் பாதிப் படிப்பு.

ஆளையும் குதிரையையும் பேசி முடிப்பது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மங்கோலிய விசா வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்தின் தகவலை மட்டும் நம்புங்கள்.

முதலில் நாங்கள் பேசிய ஒரு முகவர் ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர் வீதம் ஐந்து நாள் திட்டம் அனுப்பினார். படத்தில் அழகாக இருந்தது. ஆரோவில்லில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். "குதிரை செய்யும், நீங்க செய்வீங்களா? குதிரை எப்போ மேயும்?" என்று கேட்டார். முன்பணத்தில் பாதி போனது போனதுதான். கணக்கு இதுதான்: நடைவேகம் மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். சேணத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரம். அப்படியானால் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர். அதற்கு மேல் எழுதியிருந்தால் அந்தத் திட்டம் போட்டவர் குதிரையைப் பற்றி யோசிக்கவில்லை.

பணம் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, வழிகாட்டியின் குதிரைக்கும் பொதிக் குதிரைக்கும் வாடகை நம் கணக்கில்தான் வரும், அது சொன்ன தொகையில் அடக்கமா? இரண்டு, போன இடத்திலேயே பயணம் முடிந்தால் குதிரைக்காரர் வெறும் குதிரைகளோடு ஊர் திரும்பும் நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். பலருக்கு இது கடைசி நாளில்தான் தெரிகிறது, சண்டையும் அங்கேதான் வருகிறது. மூன்று, சேணம் எந்த வகை? அவர்களின் மரச்சேணம் முன்னும் பின்னும் உயர்ந்து, வெள்ளிக் குமிழ் பதித்துப் பார்க்க அழகாக இருக்கும். நம் உடம்பு ஒரு மணி நேரம் தாங்கும். மெத்தை வைத்த சேணம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்க்க ஒரு ஆளும் வேண்டும். வழிகாட்டிக்கு மங்கோலியம் மட்டும் தெரிந்திருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது குதிரையேற்றமும் அவசர வான்வழி மீட்பும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சாதாரணக் காப்பீட்டில் குதிரையிலிருந்து விழுந்தால் கைவிரித்துவிடக்கூடும்.

மூட்டை

ஆளுக்கு 12 கிலோ. நீளமான, மெத்தென்ற பை மட்டும். சக்கரம் வைத்த பெட்டி பொதிக் குதிரையின் விலாவைப் புண்ணாக்கும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால், பொதி கட்டுபவர் கையிலேயே தூக்கித் தூக்கிப் பார்த்து நம் பையைக் கலைத்து அடுக்குவார். கோபப்படாதீர்கள்.

தலைக்கவசத்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள், அங்கே நம் அளவில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. காலணிக்குச் சின்னதாகக் குதிகால் இருக்க வேண்டும், அடிப்பாகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மலையேற்றக் காலணியின் தடித்த அடி அங்கவடியில் மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டே போகும். உள்ளே சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் மெத்தைக் கால்சட்டை, மேலே தையல் உறுத்தாத முழுநீளக் கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொடை உரசும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப்போனோம். அங்கே குளிரில் அது கல்லாக உறைந்துவிட்டது, வாஸ்லின்தான் காப்பாற்றியது.

கடலூர் மார்கழியில் 20 டிகிரிக்கே நாம் குரங்குக் குல்லா போடுகிறவர்கள். ஹோவ்ஸ்கோலில் ஆகஸ்ட் இரவில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே தாங்கும் தூக்கப் பை, கம்பளி உள்ளாடை, தடித்த காலுறை, கையுறை. சூரிய ஒளியில் மின்னேற்றும் சிறு பலகை ஒன்று. கைபேசிக்குச் சிக்னல் இருக்காது, படம் எடுக்கத்தான்.

சாப்பாடு

முத்தியால்பேட்டை நண்பர் சைவம். ஆட்டிறைச்சியும் மாவும் பாலும்தான் உணவு என்றிருக்கிற நாட்டில் இது எப்படி நடக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அவர்தான் எங்களில் நன்றாகச் சாப்பிட்டார். ஏரிக்குப் போகும் வழியில் உள்ள மோரோன் நகரச் சந்தையில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், அரிசி எல்லாம் கிடைக்கும். இங்கிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், ரவை, நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோனோம்.

ஒரு தப்பு செய்தோம். துவரம்பருப்பு எடுத்துப்போனோம். அந்த உயரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் விறகடுப்பில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது. பாசிப்பருப்பு எடுத்துப்போங்கள், அல்லது பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்குக் கூடாரம் தருகிற உப்புப் பால் தேநீருக்கு இரண்டாம் நாள் பழகிவிடுவீர்கள். குளிரில் உப்பும் கொழுப்பும் உடம்பு கேட்கும். அவர்கள் தயிர் அபாரம். வெயிலில் காயவைத்த தயிர்க்கட்டி, ஆரூல் என்பார்கள், பல்லுக்குச் சவால். நண்பர் அதை உப்புமாவோடு கடித்துக்கொண்டார்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து ஹாங்காங், சியோல் போல எங்காவது மாறித் தலைநகர் உலான்பாதர். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே ஒரு நாள் தங்கி டுக்ரிக் பணம் மாற்றிக்கொள்ளுங்கள், மலையில் அட்டை செல்லாது. பிறகு மோரோன். உள்நாட்டு விமானம் உண்டு, நாள் முழுக்கப் போகும் பேருந்தும் உண்டு. மோரோனிலிருந்து ஹத்கல் 100 கிலோமீட்டர், தார்ச் சாலை. ஏரி 1992 முதல் தேசியப் பூங்கா, நுழையக் கட்டணம் உண்டு.

ஹத்கலில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். குதிரை பார்க்க.

குதிரையோடு முதல் நாள்

கொடுத்த குதிரையில் வாயை மூடிக்கொண்டு ஏறாதீர்கள். சேணத்தைத் தூக்கச் சொல்லி முதுகைப் பாருங்கள். புண், மயிர் உதிர்ந்த திட்டு, தொட்டால் சுருங்கி வளைகிற இடம் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். இதைக் கேட்டதும் எங்கள் வழிகாட்டிக்கு எங்கள் மேல் மரியாதை கூடியது.

சவாரிக்குத் தருவது பெரும்பாலும் காயடித்த ஆண் குதிரைகள். பெட்டைக் குதிரையைப் பாலுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பெயர் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, நிறத்தைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நிறத்துக்கு மட்டும் அவர்களிடம் அத்தனை சொற்கள். நான் என் குதிரைக்குச் 'சின்னக்கருப்பு' என்று வைத்துக்கொண்டேன், அது திரும்பியே பார்க்கவில்லை.

ஓட்டுவதற்குச் சொல் 'ச்சூ'. இதில் நமக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. மச்சான் கால் இடறியபோது நண்பர் பரிதாபப்பட்டு "ச்சூ, பார்த்து" என்றார். அவர் குதிரை கிளம்பிவிட்டது.

ஏறுவதற்கு முன் வயிற்று வாரை இறுக்குங்கள். குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்திருக்கும், இருபது நிமிடம் நடந்ததும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். அங்கவடி வார் அவர்கள் வழக்கப்படி குட்டையாக இருக்கும், முழங்கால் எரியும். தயங்காமல் நீளமாக்கச் சொல்லுங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் தாழ்ந்து. லகானை ஒரு கையில் பிடிக்கும் பழக்கம் அங்கே. அதை மணிக்கட்டில் ஒருபோதும் சுற்றாதீர்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. குதிரை மேல் இருந்தபடியே பிளாஸ்டிக் மழைச்சட்டையை உதறிப் போட்டேன். அந்தச் சடசட சத்தம் போதும். குதிரை நூறு மீட்டர் பறந்தது. பிடரியைக் கட்டிக்கொண்டதால் விழவில்லை. மழைச்சட்டையோ கேமராவோ தண்ணீர்ப் புட்டியோ, சத்தம் போடுகிற எதுவானாலும் இறங்கி நின்றுதான் எடுக்க வேண்டும்.

வழியில்

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். காலையில் வழிகாட்டி குதிரைகளைத் தேடிப் போவார். இரவில் மூன்று கால்களைச் சேர்த்துத் தளை போட்டு மேயவிட்டிருப்பார், அப்படியும் அவை தூரமாகப் போயிருக்கும். பத்து மணிக்கு முன் கிளம்பியதே இல்லை. அவசரப்பட்டுப் பயனில்லை, மேயாத குதிரை மதியத்தில் நின்றுவிடும். குப்ளாய் கானிடம் வேலை பார்த்த மார்க்கோ போலோ, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கும் வந்தவர். வருடாவருடம் கப்பலில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போவதை அவர் எழுதிவைத்தார். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரைக்குப் புல்தான் எல்லாம் என்று புரிய நமக்கு இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரி மயிரைப் பிடியுங்கள், அதற்கு வலிக்காது. செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடந்துவிடுங்கள், உங்கள் முழங்காலுக்கும் நல்லது, அதன் தோளுக்கும் நல்லது. ஆறு கடக்கும்போது லகானைத் தளர்த்துங்கள். எங்கே கால் வைப்பது என்று அதற்குத் தெரியும். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பாருங்கள். சதுப்பில் அது நின்று யோசித்தால் உதைக்காதீர்கள். நான் ஒரு முறை உதைத்தேன், வயிறு வரை சேற்றில் இறங்கியது.

மாலையில் சேணத்தை இறக்கியதும் முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். வழிகாட்டி செய்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

மனிதர்கள்

கெர் என்கிற கம்பளிக் கூடாரத்தை நெருங்கும்போது தூரத்திலேயே நின்று "நோகோய் ஹோர்" என்று கத்த வேண்டும். நாயைப் பிடி என்று அர்த்தம். அந்த நாய்களை விளையாட்டாக எடுக்காதீர்கள், கிளம்பும் முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போங்கள். இந்த ஒன்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இடப்பக்கமாகச் சுற்றி உட்காருங்கள், அடுப்பை நோக்கிக் கால் நீட்டாதீர்கள், அதில் குப்பை போடாதீர்கள். கொடுப்பதை வலக்கையால் வாங்குங்கள், பிடிக்காவிட்டாலும் உதட்டில் ஒரு துளி. மலை உச்சிகளில் கற்குவியல் இருக்கும், ஓவோ என்பார்கள். கல் ஒன்றைப் போட்டு மூன்று முறை வலம் வருவது வழக்கம்.

உடம்புக்கு

தினமும் இரவு கால், இடுப்பு, காது மடலின் பின்பக்கம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வடக்கு மங்கோலியாவில் உண்ணியால் மூளைக்காய்ச்சல் வருவதுண்டு. இருந்தால் நுனியிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தலைக்கவசத்தை இறங்கும் வரை கழற்றாதீர்கள். இரண்டாம் நாள் வலி உச்சம், நான்காம் நாள் குறையும். குத்தவைத்து உட்கார முடியாத கஷ்டம் மட்டும் கடைசி வரை இருக்கும். காட்டில் வேறு வழியும் கிடையாது.

கடைசி நாள்

வழிகாட்டிக்கு அன்பளிப்புத் தொகையைக் கையில் கொடுங்கள், உறையில் போட்டால் இன்னும் நல்லது. நல்ல கத்தி, தலைவிளக்கு, கயிறு இவற்றையும் விட்டுவிட்டு வரலாம், அவர்களுக்குப் பயன்படும். மிச்சம் இருந்த அவலை எங்கள் வழிகாட்டியின் மகள் வெறும் வாயிலேயே மென்று முடித்தாள்.

குதிரைக்கு வெல்லம் ஒரு துண்டு வைத்திருந்தேன். கை நீட்டினேன். முகர்ந்து பார்த்தது, தும்மியது, தலையைத் திருப்பிக்கொண்டு புல் மேயப் போய்விட்டது.